கரும்புக்காட்டுக் கிராமத்தில் எட்டு நாள்

ஜனவரி 19, 2024, வெள்ளி

பெலால் புயல் கடந்து நான்கு நாளாகியும் மொரீஷியஸின் தெற்குக் கரை இன்னும் ஈரமாகவே இருக்கிறது. ரோஸ் பெல் வழியாக வரும்போது சாலையின் இருபுறமும் ஆளுயரக் கரும்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கரும்பு எழுந்துவிடும், வாழைதான் எழாது என்றார் என்னை அழைத்துவர வந்திருந்த மாஸ்டர். நான் தங்கப்போகும் கிராமம் ரிவியேர் தேஸ் அங்கீக்கும் சுயாக்குக்கும் இடையில் இருக்கிறது. ரிவியேர் தேஸ் அங்கீ என்றால் பிரெஞ்சில் விலாங்கு ஆறு. கிராமத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சிறிய ஊர், யார் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

மாஸ்டர் தொடக்கப் பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டு தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லோரும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல். தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கும் கோயிலுக்கும் வானொலிக்கும் உரிய மொழி. ஆகையால் அவர் என்னிடம், "தாங்கள் களைத்திருப்பீர்கள் சகோதரி, முதலில் சிற்றுண்டி அருந்துங்கள்" என்றுதான் பேசுகிறார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரியான நான் "சாப்ட்டாச்சுங்க" என்று சொல்ல வாயெடுத்து, அது ஏதோ மரியாதைக் குறைவுபோலத் தோன்றி, "அருந்திவிட்டேன் ஐயா" என்று சொல்லிவிட்டேன்.

தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் விரதம் நடப்பதால் வீட்டில் மீனும் இறைச்சியும் கிடையாது. வழியில் வண்டியை நிறுத்தி, தெருவோரக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தால் பூரி வாங்கிக் கொடுத்தார். இரண்டு பூரி இருபத்தைந்து ரூபாய். உள்ளே அவரைக்கொட்டைக் கறியும் பச்சைமிளகாய்ச் சட்டினியும் இருந்தன. இங்கத்திய ஒரு ரூபாய்க்கு நம் பணம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ரூபாய்க்கு மேல் ஆகும். ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைப் பார்த்து நான் மகிழ்ந்ததும், 1998இல் புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்டதையும், எதிர்ப்பு எழுந்து அந்தத் தாள்களைத் திரும்பப் பெற நேர்ந்ததையும் அவர் வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு ஆண்டுகள் காவிரிக் கரைக் கிராமங்களில் குடிநோயாளிகளோடு வேலை செய்த சமூகப் பணியாளர் நான். சென்னை டி.டி.கே. மருத்துவமனை மஞ்சக்குடியில் நடத்திய கிராம முகாம்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களில் ஒருத்தி. நோயாளியை மருத்துவமனைக்கு இழுக்காமல் மருத்துவமனையை ஊருக்குக் கொண்டுபோவது, பதினைந்து நாள் ஒரே கூரையின்கீழ் வைத்துக் குடியை நிறுத்துவது, குடும்பத்தையும் உடன் உட்காரவைப்பது என்பது அதன் முறை. இங்குள்ள தமிழ்ச் சங்கம் ஒன்றில் பேச அழைத்தார்கள். பேச்சை முடித்துக்கொண்டு ஹெராயின் பழக்கத்துக்குக் கிராமத்தில் எப்படி மருத்துவம் பார்க்கிறார்கள் என்று காண ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். பெட்டியில் ஒரு முகாம் திட்டமும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 20, சனி

காலை ஐந்தே காலுக்கு வாசலில் வெள்ளை வண்டி நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு தொண்டு அமைப்பின் சமூகப் பணியாளர். ஐம்பது வயதிருக்கும், ஊரே அவரை அக்கா என்கிறது, நானும் அப்படியே அழைக்கிறேன். அவருக்குத் தமிழ் புரியும், பேச வெட்கம். கையில் பிளாஸ்கில் தேநீரும் தாளில் சுற்றிய காத்தோ பிமாவும் வைத்திருந்தார். காத்தோ பிமா நம் மசால் வடையின் சிறிய தம்பி. விரதக்காரர் வீட்டில் தங்கியிருப்பவளுக்கு அதுவே பெருவிருந்தாக இருந்தது.

ஹெராயினுக்குப் பதிலாகத் தினமும் குடிக்கத் தரும் மருந்து மெத்தடோன். அதைக் கொடுக்கும் இடம் ஒரு காவல் நிலையத்தின் பக்கவாட்டு முற்றம். ஆறு மணிக்குச் சுகாதாரத் துறை வண்டி வந்து நிற்கிறது. அதற்கு முன்பே நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள்: கரும்புத் தோட்டத்து ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள், ஹோட்டல் சீருடைக்கு மேல் மழைச்சட்டை அணிந்த ஒரு பெண், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்ட இன்னொரு பெண். செவிலியர் பட்டியலில் பெயரைப் பார்த்து, அளவை அளந்து சிறிய பிளாஸ்டிக் குவளையில் ஊற்றித் தருகிறார். குடிக்க வேண்டும், பிறகு தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு ஏதாவது பேச வேண்டும். மருந்தை வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்கவில்லை என்பதற்கு அந்தப் பேச்சுதான் சாட்சி. பெரும்பாலோர் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

இந்த ஒழுங்கைப் பார்த்த வியப்பில் நான் கைபேசியை எடுத்து ஒரு படம் எடுத்துவிட்டேன். வரிசையில் நின்ற நாற்பது வயதுக்காரர் ஒருவர் விறுவிறுவென்று என்னிடம் வந்து, கிரியோலில் ஏதோ கேட்டு, எனக்குப் புரியவில்லை என்று கண்டு, எழுத்துக்கூட்டுவதுபோல நிதானமான தமிழில் கேட்டார்: "அம்மா, நீங்கள் மருத்துவமனையில் நிற்பவர்களைப் படம் எடுப்பீர்களா?" காவலரும் எழுந்து வந்தார். அவர்கள் முன்னிலையிலேயே படத்தை அழித்தேன். இருபத்தெட்டு ஆண்டுகள் இதே பாடத்தைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு நடத்தியவள் நான். அன்று முழுவதும் முகம் சுட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பும் வழியில் அக்கா ஒன்றும் குத்திக்காட்டவில்லை, தீவின் கதையைத்தான் சொன்னார். இந்தத் தீவில் ஹெராயினை பிரௌன் என்கிறார்கள், 1980களிலிருந்தே இருக்கிறது. ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் எச்.ஐ.வி. பரவி, 2005ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 921 புதிய தொற்றுகள் பதிவாயின. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஊசி போடுபவர்கள். பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு அது பேரிடி. மறு ஆண்டே மெத்தடோன் திட்டமும் பழைய ஊசிக்குப் புது ஊசி மாற்றித் தரும் திட்டமும் தொடங்கின. அதற்கென 2006இல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமும் வந்தது. ஆனால் போதைப்பொருள் கருவியை வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 2000ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே இருந்தது. "ஒரு சட்டம் ஊசியைக் கொடுக்கச் சொல்கிறது, இன்னொன்று வாங்கியவனைப் பிடிக்கச் சொல்கிறது" என்று அக்கா சிரித்தார். மெத்தடோன் விநியோகத்தைக் குடியிருப்புகளுக்கு அருகில் வைத்துக்கொள்ள மக்கள் மறுத்ததால்தான் காவல் நிலைய முற்றங்களுக்குப் போனது என்றும் சொன்னார்.

ஜனவரி 21, ஞாயிறு

வெயிலும் புழுக்கமும். கழுத்தெல்லாம் வேர்க்குரு. மாஸ்டரின் மனைவி முருங்கைக்கீரைக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார். முருங்கைக்கு இங்கே "மூரும்" என்று பெயர். ரசம் "ரசோன்" ஆகியிருக்கிறது. இருநூறு ஆண்டுகளில் சொல் தேய்ந்திருக்கிறது, புளிப்பு தேயவில்லை.

மாலையில் கோயிலுக்குப் போனோம். புயலின் ஈரம் காயுமுன் கொடியேற்றியிருக்கிறார்கள். காவடி எடுப்பவர்கள் இருபத்தேழு பேர், தினமும் மாலை பூசைக்கு வந்து, வெறுந்தரையில் உட்கார்ந்து, வாழையிலையில் சாப்பிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு நடுவில் நேற்று என்னைக் கேள்வி கேட்டவர் உட்கார்ந்திருந்தார். கொத்தனாரிடம் சித்தாள் வேலை செய்கிறவர். நான் அருகில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் இலையைச் சற்று நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

பத்தொன்பது ஆண்டுகள் பிரௌன், அதில் இரண்டு முறை சிறை, நான்கு முறை "சுத்தமாக நிறுத்தியது". ஒவ்வொரு முறை நிறுத்தியதும் தான் சாவுக்கு அருகே போனதாகச் சொன்னார். கேட்கப் புதிராக இருக்கலாம், நமக்குத் தெரிந்ததுதான். சில வாரம் விலகியிருந்தால் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. சிறையிலிருந்தோ முகாமிலிருந்தோ வெளியே வந்தவர் பழைய நினைப்பில் பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். குடிநோயாளி முகாமைவிட்டு வந்து மறுபடி குடித்தால் ஊர் சிரிக்கும், மனைவி அழுவாள், நாங்கள் மறுபடி அழைத்துவருவோம். ஹெராயினில் அந்த மறுவாய்ப்பு பலருக்குக் கிடைப்பதில்லை. பெட்டியில் இருக்கும் என் பதினைந்து நாள் திட்டத்தை நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஆறாண்டாக மெத்தடோன். நாளுக்கு எழுபது மில்லிகிராம். புயலன்று தண்ணீர் சாலையை மூடியதால் அவரால் போக முடியவில்லையாம். "பிரௌனாக இருந்தால் மதியத்துக்குள் யேன் வந்திருக்கும், அம்மா." யேன் என்பது இங்கே மருந்து கிடைக்காத உடம்பின் தவிப்பு: கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு. ஹெராயின் சில மணி நேரத்தில் வடிந்துவிடுவதால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கேட்கும். மெத்தடோன் உடலில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அன்றைக்கு அவருக்குக் கொட்டாவி மட்டும்தான் வந்ததாம். வீட்டுக் கூரைத் தகரத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்ததில் அதையும் அதிகம் கவனிக்கவில்லையாம்.

ஜனவரி 22, திங்கள்

திங்கட்கிழமை மேபூர்ச் சந்தை. அக்கா வெண்டைக்காய் வாங்கினார். நான் மூன்று நாளில் நான்கு முறை குடை உடைந்தவள், நூற்றைம்பது ரூபாய்க்கு ஐந்தாவது குடை வாங்கினேன். சந்தைக்காரர் என் புடவையைப் பார்த்து "வணக்கம்" என்று மட்டும் தமிழில் சொல்லிவிட்டு, ஒரு பிடி கொத்தமல்லியைக் காசு வாங்காமல் பையில் திணித்தார்.

மதியத்துக்கு மேல் வீடு தேடிப் போகும் வேலை. கரும்புக்கு நடுவே செம்மண் பாதை. சேற்றில் வழுக்கி விழுந்து, எழுவதற்காகக் கரும்புத் தோகையைப் பிடித்து, உள்ளங்கை முழுவதும் கீறிக்கொண்டேன். அக்கா வண்டியிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துத் துடைத்துக் கட்டினார். "இன்றைக்கு முதல் நோயாளி நீங்கள்" என்றார்.

முதல் வீட்டில் ஒரு தாய். மகனுக்கு இருபத்து மூன்று வயது. வீட்டில் இருந்த தேக்கரண்டிகள் எல்லாம், அவன் பிரௌனைச் சூடாக்கிக் கரைத்ததில், அடி கறுத்துப் போனதால் இப்போது எல்லாவற்றையும் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, சர்க்கரையைக் கையாலேயே அள்ளிப் போடுகிறார். எங்களுக்குத் தேநீர் கலக்க அரிசிக்குள் கைவிட்டு ஒரு கரண்டியை எடுத்து, ஊதித் துடைத்து, கலக்கிவிட்டு மறுபடி புதைத்துவைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகன் சிகிச்சைக்கு வரத் தயார். ஆனால் காவல் நிலையத்துக்கு வர மாட்டான். அங்கே வரிசையில் நின்றால் பேருந்தில் வேலைக்குப் போகும் சித்தப்பா பார்ப்பார். மெத்தடோன் அல்லாமல் புப்ரெனார்ஃபினும் நலோக்ஸோனும் கலந்த மாத்திரை உண்டு. நாக்கின் அடியில் கரைவது. ஓரளவுக்கு மேல் மூச்சை அடக்காது என்பதால் ஆபத்து குறைவு. ஆனால் உடம்பில் பிரௌன் இருக்கும்போதே போட்டால் தவிப்பைத் திடீரென்று வரவழைத்துவிடும். முதல் நாள் யேன் நன்றாக வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாங்க உடன் ஒருவர் இருக்க வேண்டும். அக்கா அதற்கான நாளைக் குறித்துக்கொண்டார். தாய், "நான் இருக்கிறேன்" என்றார். அக்கா, "நீங்கள் வேண்டாம், நீங்கள் அழுவீர்கள், நான் வருகிறேன்" என்றார்.

வேலை என்று வந்தால் இன்னொரு சுவர் இருக்கிறது. இங்கே பல வேலைகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள். போதைப்பொருள் வைத்திருந்ததாக ஒரு தண்டனை இருந்தால் அது அதில் ஏறிவிடும். கடற்கரை ஹோட்டல்கள் பத்து நிமிட தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் எங்கள் காவடிக்காரர் சிமெண்டு சுமப்பது அதனால்தான். ஏழு மணிக்கு லாரி புறப்படும். ஆறேகாலுக்குள் மருந்து குடித்துவிட வேண்டும். வரிசையில் பின்னால் நின்றால் அன்றைய கூலி போயிற்று. அதற்காகவே நாலரைக்கு எழுந்து நடந்து வருகிறார்.

ஜனவரி 23, செவ்வாய்

மழை. வெளியே போகவில்லை. தமிழ்ச் சங்கத்தில் நான் பேசியதன் சாரத்தை எழுதித் தரச் சொன்னார்கள்; எழுத உட்கார்ந்து பாதியில் கிழித்துவிட்டேன். நம் ஊரிலும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் நான் இதே முகாமைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன் என்ற எண்ணம் விடவில்லை. மாஸ்டரின் மனைவி புட்டுக் கொண்டுவந்து வைத்தார். இங்கே அது தெருவில் விற்கும் இனிப்புப் பலகாரம்.

ஜனவரி 24, புதன்

கோயில் மண்டபத்தில் நிர்வாகிகள் கூட்டம். சித்தாள் வேலை செய்யும் நம் காவடிக்காரத் தம்பி அலகு குத்தலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. யாரோ பெரியவர் ஒருவர் கிளப்பியிருக்கிறார். கிரியோலில் சூடாகப் பேசினார்கள். மாஸ்டர் என் காதருகே தமிழாக்கிக்கொண்டிருந்தார். பெரியவரின் வாதம் இது: மெத்தடோனும் அபின் வகை, வலி மருந்து. அதைக் குடித்துவிட்டு அலகு குத்திக்கொள்வது முருகனை ஏமாற்றுவது, விரதமும் முறிந்தது.

மாஸ்டர் எழுந்து, "தாங்கள் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறீர்களே, அது விரதத்தை முறிக்கிறதா?" என்று கேட்டார். நல்ல அடி என்று நான் நினைத்தேன். பெரியவர் அசரவில்லை. "நான் இன்சுலினுக்காக யார் வீட்டுக் குழாயையும் கழற்றி விற்றதில்லை" என்றார். அதற்கு மண்டபத்தில் பதில் இல்லை. தம்பி அந்தக் காலத்தில் அவர் வீட்டுச் செப்புக் குழாயைக் கழற்றியவர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மெத்தடோன் தவிப்பை ஒரு நாள் முழுவதும் அடக்கும். வலியை அடக்குவது சில மணி நேரம்தான். அதுவும் ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில் குடிப்பவருக்கு மிகக் குறைவு. உண்மையில் இவர்களுக்கு மற்றவர்களைவிட வலி அதிகமாகத் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் போனால் மருத்துவர்கள் மெத்தடோனைத் தொடர்ந்துகொண்டே தனியாக வலி மருந்தும் கொடுக்க வேண்டியிருப்பது அதனால்தான். "ஆகையால் ஐயா, நாளை இருபத்தேழு பேரில் அதிகம் வலிக்கப்போவது இவருக்குத்தான்." மாஸ்டர் இதை மொழிபெயர்த்தபோது தம்பி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்து, இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்பதுபோல முகத்தைச் சுளித்தார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

அப்போது அக்கா வேறொரு சிக்கலை எடுத்தார். எனக்கு ஐயோ என்றிருந்தது. ஊசி போட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி தொற்று இருக்கிறது. அது இரத்தத்தால் பரவுகிறது. கோயில் அலகுகளை ஒருவருக்குக் குத்தி, எலுமிச்சையிலும் திருநீற்றிலும் துடைத்து, அடுத்த ஆண்டு இன்னொருவருக்குக் குத்துகிறார்கள். துடைத்தால் அது போகாது. மண்டபம் அமைதியானது. "அப்படியானால் இவனுக்கு மட்டும் தனி அலகு" என்றார் பொருளாளர். தம்பி எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோன்றியது மாஸ்டரின் மனைவிக்கு. அதுவரை வாசலில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தவர், அக்காவிடம் ஏதோ கேட்டார். இதையெல்லாம் மருத்துவமனையில் எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்? அழுத்த நீராவியில், 121 டிகிரியில், இருபது நிமிடம். "பிரஷர் குக்கர் போலவா?" கிட்டத்தட்ட அதேதான் என்றார் அக்கா. அப்படியானால் எல்லோருடைய அலகையும் கொண்டுவாருங்கள், என் குக்கரில் வைக்கிறேன் என்றார் அந்த அம்மையார்.

பரம்பரை வெள்ளி அலகு வைத்திருந்த குடும்பங்கள் தயங்கின. பளபளப்புப் போகுமோ என்று கவலை. ஆனாலும் இரவு எட்டு மணிக்குள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒவ்வொருவருடையதையும் வெள்ளைத் துணியில் பொதிந்து, நூலால் கட்டி, பென்சிலால் பெயரெழுதிய துணிச்சீட்டைச் செருகினோம். சமையலறையில் பருப்பு வேகும் பத்து லிட்டர்க் குக்கர். மூன்று தவணை. முதல் தவணையில் வளையம் பழசாகி ஆவி ஒழுகியதால் பக்கத்து வீட்டிலிருந்து புது வளையம் வந்தது. மாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு, விசில் வந்ததிலிருந்து இருபது நிமிடத்தைத் தேர்வு நடத்துகிறவர்போல எண்ணினார். இரண்டாவது தவணையில் பெரியவரின் பேரன் பெயரும் தம்பியின் பெயரும் ஒரே தட்டில் இருந்தன. பத்தரைக்கு எல்லாம் ஆறின. சமையலறை முழுவதும் துவரம்பருப்பும் ஈரத்துணியும் கலந்த ஒரு மணம்.

ஜனவரி 25, வியாழன், தைப்பூசம்

பொது விடுமுறை, மெத்தடோனுக்கு விடுமுறை இல்லை. அலகு குத்திவிட்டால் வாய் திறக்க முடியாது என்பதால், முதலில் மெத்தடோன் முற்றம், பிறகு காவடி புறப்படும் ஆற்றங்கரை என்று ஏற்பாடு. ஐந்தே முக்காலுக்கு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். இங்கே காவடிக்காரர்கள் உடுத்துவது அடர்ந்த ரோஜா நிறம். சாம்பல் நிற முற்றத்தில் அந்த வேட்டியோடு அவர் வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற பதினைந்து பேரும் ஒன்றும் சொல்லாமல் விலகி வழிவிட்டார்கள். குடித்தார், தண்ணீர் குடித்தார், பெயரைச் சொன்னார். படம் எடுத்த நாளில் என்னை முறைத்த காவலர் வந்து, தன் மகனுக்குத் தேர்வு முடிவு வரப்போகிறது, சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். எட்டு மணிக்குப் பிறகு என்னால் பேச முடியாது, மனதுக்குள் சொல்கிறேன் என்றார் தம்பி.

ஆற்றங்கரையில் புயல் கொண்டுவந்து போட்ட மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அதன்மேல்தான் எல்லோரும் துணி வைத்திருந்தார்கள். துணிப் பொதியைப் பிரித்து அலகு குத்தினார்கள். கன்னத்தில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்ததைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். அவருக்கு வியர்த்தது, இரண்டு கைகளும் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. மெத்தடோனே வியர்க்கவைக்கும் மருந்து. அத்துடன் வெயில், விரதம். இவர் வழியில் தண்ணீரும் குடிக்க முடியாது என்பதுதான் எனக்குக் கவலை. நாலு கிலோமீட்டர் தார்ச்சாலை. ஆனால் வீட்டுக்கு வீடு தோட்டக் குழாயை வைத்துக்கொண்டு சாலையை நனைத்தபடி ஆட்கள் நின்றார்கள். தமிழர், இந்தி பேசுகிறவர்கள், முஸ்லிம்கள், கிரியோல்கள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு பையன் எல்லோருடைய காலிலும் தண்ணீர் விட்டதோடு என் புதுக் குடையையும் நிரப்பினான்.

பால் செம்பை இங்கே "சாம்போ" என்கிறார்கள். கோயிலை அடையும்வரை பால் திரியாமல் இருக்க வேண்டும். தம்பியுடையது திரியவில்லை, திரிந்தது இருவருடையது, யாரென்று எழுதமாட்டேன். அலகை எடுத்துத் திருநீறு வைத்த பிறகு வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு: பூசணி, பலா, வாழைக்காய், கீரை, பருப்பு என்று வந்துகொண்டே இருந்தன, கடைசியில் ரசோன். தம்பிக்கு மெல்ல முடியவில்லை. ரசத்தை மட்டும் கையில் வாங்கிக் குடித்தார். பத்து நாள் காய்கறியால் வயிறு ஆறாண்டுக்குப் பிறகு ஒழுங்காக இளகுகிறது என்று மெதுவாகச் சொன்னார். மெத்தடோனின் மலச்சிக்கலை அறிந்த அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பெரியவர் எங்கள் பந்தியில் உட்காரவில்லை. பரிமாறும்போது மட்டும் பாயச வாளியோடு வந்தார், எல்லோருக்கும் ஒரு கரண்டி, தம்பிக்கும் ஒரு கரண்டி. முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

பிற்பகல் விமானம். காலையில் போக வேண்டியதில்லை. ஆனாலும் ஐந்தே காலுக்கு வாசலில் நின்றேன். முகாம் திட்டத்தை அக்காவிடம் கொடுக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் குக்கர் வளையத்தின் அளவை எழுதிக்கொண்டேன். மாஸ்டர் வீட்டுக்குச் சென்னையிலிருந்து இரண்டு வாங்கி அனுப்ப வேண்டும்.

முற்றத்தில் வழக்கமான வரிசை. இன்று யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. தம்பி சிமெண்டு படிந்த பழைய சட்டையில் பன்னிரண்டாவது ஆளாக நின்றார். இரண்டு கன்னத்திலும் காய்ந்த திருநீற்றுப் பொட்டு. திங்கட்கிழமை பார்த்த தாயின் மகன் சாலைக்கு அப்பால் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரவில்லை. அக்கா அவனைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல், பிளாஸ்கையும் இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார்.

செவிலியர் எழுபதை அளந்து ஊற்றினார். கன்னத்தைப் பார்த்துவிட்டு, "ஒழுகிவிடப் போகிறது, இன்னொரு டோஸ் தர மாட்டேன்" என்றார். தம்பிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது, இரண்டு கன்னங்களையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குடித்தார். தண்ணீர் குடித்தார். கையை எடுக்காமலேயே தன் பெயரைச் சொல்லிவிட்டு, லாரியைப் பிடிக்க ஓடினார்.